பதிவேடு இருக்கும் இடம்

புத்தளக் கரையோரத்தின் பழைய பதிவுகளைத் தேடுபவர் அந்தக் கரையோரத்தை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் அங்கே வந்திறங்கிய பயணி தான் கண்டதை மொரோக்கோவில் உட்கார்ந்து சொல்லி எழுதுவித்தார். கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரின் கடிதங்களும் கணக்குகளும் கொழும்பிலும் ஹேக் நகரிலும் இருக்கின்றன. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச் செட்டியின் நூல்கள் கோட்டேயிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சேறின. ஊருக்குள்ளேயே ஒற்றைப் படியாக இருந்தவை உப்புக்காற்றுக்கும் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் ஆட்சி மாற்றத்துக்கும் இரையாகக்கூடியவை. எழுதியதை எங்கே வைப்பது என்ற இந்தப் பழைய கேள்வியைத்தான் இன்று ஒரு சர்வரை நிறுவுபவரும் கேட்கிறார்: தரவுத்தளக் கோப்புகள் எந்த வட்டில், எந்த அடைவில் இருக்க வேண்டும்? கேட்கும் முறை மாறியிருக்கிறதே தவிர, விடையைத் தீர்மானிக்கும் காரணங்கள் பெரிதாக மாறவில்லை.

இபின் பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தார். அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் ஊரைப் புத்தளம் என்றே ஆய்வாளர் கொள்கின்றனர். அரசன் ஆரியச் சக்கரவர்த்தியின் மரத்தாலான அரண், கரையில் ஒதுங்கிக் கிடந்த கறுவா மரக்கட்டைகள், அரசன் கொடுத்த மணிகள் எல்லாம் அவருடைய பயண நூலில் வருகின்றன. ஆனால் அந்த நூல் கையோடு எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து பிறந்ததல்ல. இலங்கையிலிருந்து மீண்டு மலபார்க் கரை வழியே போகையில் கடற்கொள்ளையர் அவருடைய கப்பலை மறித்தனர். இலங்கை மன்னன் கொடுத்த முத்தும் மணியும் பறிபோயின. உடுத்திருந்த காற்சட்டை மட்டுமே மிஞ்சியது. புகாராவில் அறிஞர்களின் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து வைத்திருந்ததாகவும், இந்தியக் கடலில் நடந்த கொள்ளையில் அவையும் போய்விட்டதாகவும் அவரே சொல்கிறார். சேர்த்த அந்தக் குறிப்புகள் ஒரே கப்பலில் இருந்தன. பத்தாண்டு கழித்து 1355இல் ஃபெஸ் நகரில் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல இபின் ஜுஸய் என்ற அறிஞர் எழுதினார். புத்தளத்தைப் பற்றிய வர்ணனை நமக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் நினைவாற்றலால்தான். நினைவு நல்ல காப்பகம் அல்ல. திகதிகளிலும் தூரங்களிலும் அந்த நூல் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

உள்ளூரில் பதிவு வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பொருள்கள் இருந்தன: ஓலையும் செம்பும். அன்றாடக் கணக்கும் கடிதமும் மருத்துவக் குறிப்பும் ஓலையில் எழுதப்பட்டன. காணி வழங்கிய அரச ஆணை போன்ற, தலைமுறை தாண்டி நிற்க வேண்டிய சில, செப்பேட்டில் வெட்டப்பட்டன. சிங்களத்தில் அதற்குச் 'சன்னஸ' என்று பெயர். ஓலையைப் பரணில் வைப்பதும், எண்ணெய் தடவுவதும், அவ்வப்போது எடுத்துத் துடைப்பதும் தென்னாசியா எங்கும் இருந்த வழக்கம். கரையோரத்தில் அது கூடுதல் அவசியமாக இருந்திருக்கும். எண்ணெய் பூச்சியைத் தடுக்கும். உப்பு ஈரத்தை ஓரளவுக்கு மேல் தடுக்காது. ஆகவே ஓலையைக் காப்பாற்றியது பெட்டி அல்ல, படியெடுப்பவர். அடுத்த தலைமுறையில் ஒருவர் புதிய ஓலையில் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பதிவு முடிந்தது. செப்பேட்டின் சிக்கல் வேறு. அது அழியாது, ஆனால் ஒரே குடும்பத்தின் பெட்டியில் கிடக்கும். வழக்கு வரும்போது எதிர்த்தரப்புக்குச் சரிபார்க்க வேறு படி இல்லை.

காணியையும் அதற்குரிய வரியையும் ஊழியத்தையும் ஊர் ஊராக எழுதி வைக்கும் பேரேட்டைப் போர்த்துக்கேயர் இலங்கையில் தொகுத்தனர். அதன் பெயர் தோம்பு. 'தோம்போ' என்ற போர்த்துக்கேயச் சொல் தமிழிலும் சிங்களத்திலும் அப்படியே தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் காணி இன்ன தோம்பின்படி என்று எழுதுவது வழக்கம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது. லிஸ்பன் நகரில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஒரு கோபுரத்தில் 1378 முதல் அரச ஏடுகள் வைக்கப்பட்டன. அதனால் அந்தக் காப்பகத்துக்கே 'தோரே தோ தோம்போ', அதாவது தோம்புக் கோபுரம், என்று பெயர் வந்தது. இன்றைய போர்த்துக்கல் தேசியக் காப்பகமும் அதே பெயரில்தான் இயங்குகிறது. ஏடு இருந்த இடத்தின் பெயர் நிறுவனத்தின் பெயராகி, ஏட்டின் பெயர் கடல் கடந்து புத்தளம் வரை வந்து சேர்ந்தது.

1755 நவம்பர் முதலாம் திகதி லிஸ்பனை நிலநடுக்கம் தாக்கியது. பின்னாலேயே ஆழிப்பேரலையும் தீயும் வந்தன. மேட்டில் இருந்த கோபுரம் இடிந்தது. அப்போது ஏறத்தாழ எண்பது வயதான காப்பாளர் மனுவேல் த மாயா இடிபாட்டுக்குள்ளிருந்து ஏடுகளை மீட்டு முதலில் தற்காலிகக் கொட்டகையில் வைத்தார். 1757இல் அவை சாவோ பெந்தோ மடத்துக்குப் போயின. கல் விழுந்தாலும் காகிதம் பிழைத்தது. ஆனால் தேஜோ ஆற்றங்கரையில், துறைமுகத்தை ஒட்டியிருந்த அரண்மனை வளாகத்தில், ஆசிய வணிகத்தை நடத்திய 'காசா த இந்தியா'வின் ஆவணங்கள் இருந்தன. கப்பல் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கணக்கு இருப்பது வசதி. வேலை செய்பவருக்கு நாலடி தூரம். தண்ணீரும் தீயும் முதலில் தொட்டதும் அந்த நாலடி தூரத்தைத்தான். 'காசா த இந்தியா'வின் பதிவுகளில் பெரும்பகுதி அன்று ஒரே நாளில் போயிற்று. எனினும் இலங்கைக்காக அந்தாவோ வாஸ் ஃப்ரெய்ரே 1614இல் தொகுத்த தோம்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

ஒல்லாந்தர் இந்த விடயத்தில் கவனமான வணிகர்கள். கற்பிட்டிக் கோட்டையை அவர்கள் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தனர். பவளக்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டிய அந்தச் சதுரக் கோட்டை குடாவின் வாயைக் காவல் காத்தது. உள்நாட்டுக் கண்டி இராச்சியத்துக்குப் போகும் உப்பும் துணியும் கருவாடும் அந்த வழியாகத்தான் போயின. அதைத் தடுக்கவும் அனுமதிக்கவும் யார் எதை எவ்வளவு கொண்டுபோனார் என்ற கணக்கு தேவைப்பட்டது. 1766இன் உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தபின் அந்தக் கணக்கு இன்னும் விரிந்தது.

கோட்டைச் சுவரின் கனத்தைவிட முக்கியமானது அவர்களுடைய எழுத்தர்களின் வேலை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பணியில் ஒரு கடிதம் ஒற்றைப் படியோடு நிற்பதில்லை. சிறு நிலையங்களின் அறிக்கை கொழும்புக்குப் போகும். கொழும்பு அதைத் தன் தொகுப்பில் சேர்க்கும். அங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஒரு படி, நெதர்லாந்துக்கு ஒரு படி. கப்பல் மூழ்குவது அன்று அன்றாடச் செய்தி என்பதால் முக்கிய கடிதங்களின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் ஏறின. எழுத்தருக்கு இது கை ஒடியும் வேலை, கம்பனிக்கு இது செலவு. இரண்டையும் ஏற்றுக்கொண்டதன் பலன் இப்போது தெரிகிறது. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் ஆகிய ஐந்து நகரங்களில் பிழைத்திருக்கும் கம்பனி ஆவணங்கள் ஏறத்தாழ 2.5 கோடிப் பக்கங்கள். 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கம்பனியோ இருநூறு ஆண்டுக்கு முன்பே திவாலாகிவிட்டது.

கொழும்பிலிருந்த ஒல்லாந்தத் தொகுப்பு 1796இல் ஆங்கிலேயரிடம் போனது. நீண்ட காலம் அது யாருக்கும் வேண்டாத பழைய காகிதமாகவே கிடந்தது. காணி வழக்குகளுக்குத் தோம்பு தேவைப்பட்டதால்தான் அதற்கு மதிப்பு இருந்தது. 1902இல் ஆர். ஜி. அந்தோனிஸ் முதல் அரச ஆவணக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ஆவணங்கள் பல ஆண்டுகள் நுவரெலியாவில் இருந்தன. குளிரான மலைப்பகுதி காகிதத்துக்கு நல்லது. ஆய்வாளருக்குத்தான் பயணம் கூடியது. 1973இன் 48ஆம் இலக்கச் சட்டம் தேசிய சுவடிகள் திணைக்களத்தை அமைத்தது. இன்று கொழும்பில் அதற்கெனக் கட்டிய கட்டடத்தில் தொகுப்பு இருக்கிறது. கற்பிட்டிக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது.

1845இல் வடமேல் மாகாணம் உருவானபோது அதன் தலைநகரம் புத்தளம். பின்னர் தலைமையகம் குருநாகலுக்குப் போயிற்று. தலைமையகம் நகர்ந்தால் ஏடும் வண்டியேறும். எதை எடுத்துப்போவது, எதைப் பழைய கச்சேரியில் விட்டுச் செல்வது என்பதை யாரோ ஒரு எழுதுவினைஞர்தான் தீர்மானித்திருப்பார். ஆவண வரலாற்றில் இத்தகைய தீர்மானங்களுக்குப் பெயரும் திகதியும் இருப்பதில்லை.

அந்தக் காலத்தில் புத்தளக் கரையோரத்தின் மிகப் பெரிய பதிவுத் தொகுப்பைத் தனியொருவராக உருவாக்கியவர் சைமன் காசிச் செட்டி. 1807இல் கற்பிட்டியில் பிறந்த அவர் புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். 1838 முதல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தார். பின்னர் சிவில் சேவையில் சேர்ந்து சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றி 1860இல் மறைந்தார். 1834இல் அவர் வெளியிட்ட 'சிலோன் கசற்றியர்' இலங்கையின் ஊர், ஆறு, மலை, மாவட்டம், சாதி, வழக்கம் எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கிய நூல். தேடுபவர் பக்கத்தைப் புரட்டித் தலைப்பைப் பிடித்தால் போதும். இன்றைய தரவுத்தளத்தின் சுட்டி செய்வதும் இதைத்தான். 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'தமிழ் புளூட்டார்க்' ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை அதே முறையில் தந்தது. இந்த இரண்டும் இன்று கிடைப்பதற்குக் காரணம் ஆசிரியரின் வீட்டுப் பெட்டி அல்ல, அச்சகம். நூற்றுக்கணக்கான படிகள் பல கைகளுக்குப் போனால், எந்தப் படி எங்கே அழிந்தாலும் கவலையில்லை. தி. பொ. மீனாட்சிசுந்தரத்தின் குறிப்புகளோடு 1946இல் கொழும்பில் 'தமிழ் புளூட்டார்க்' மறுபதிப்பாக வெளியானபோது முதற்பதிப்பின் படி ஒன்று எங்கோ இருந்தது.

அச்சேறாத பதிவுகளுக்கு, குறிப்பாகக் காணி உறுதிகளுக்கு, சட்டம் ஒரு வழி வகுத்தது. நொத்தாரிசு எழுதும் உறுதி ஒன்றுக்கு மூன்று வடிவம் உண்டு. மூல உறுதி காணிக்காரரிடம் போகும். இன்னொரு படி நொத்தாரிசின் கட்டில் இருக்கும். இரண்டாம் பிரதியை, 1907இன் 1ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின்படி, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டில் ஒன்று, நொத்தாரிசின் அலுவலகத்தில் ஒன்று, அரசிடம் ஒன்று. மூன்று கட்டடம், மூன்று பொறுப்பாளர். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் முதலில் கருதியது மோசடியைத்தான். மூன்றையும் ஒருவரே திருத்த முடியாது. பேரிடரில் அதன் பயன் பிறகே புரிந்தது.

புத்தளக் கரையோரத்துக்கு அது புரிந்த ஆண்டு 1990. அந்த ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் சொத்தை விட்டு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டி, முந்தல் பகுதிகளில் தங்கினர். கைச்சுமையில் உறுதியைக் கொண்டுவர முடிந்தவர் சிலர். முடியாதவருக்கு நொத்தாரிசின் படியும் பதிவகத்தின் படியும் மிச்சம். ஆனால் நொத்தாரிசும் அதே ஊர், பதிவகமும் அதே போர்ப் பகுதி. மூன்று படிகள் மூன்று கட்டடத்தில் இருந்தாலும், மூன்று கட்டடமும் ஒரே ஆபத்தின் எல்லைக்குள் இருந்தால் அவை ஒரே படிக்குச் சமம். பதிவகம் தப்பிய இடங்களில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க முடிந்தது. சேதமான இடங்களில் அயலவரின் சாட்சியமும் பழைய வரிச் சிட்டைகளும் உறுதியின் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவருக்குக் காணி உரித்தாகும் ஆட்சியுரிமைச் சட்டம், ஊருக்குத் திரும்ப முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராகவே வேலை செய்தது. அதை மாற்ற 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வாக்காளர் இடாப்பிலும் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. ஆள் இருப்பது புத்தளத்தில், பெயர் இருப்பது மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ. பெயரைப் புத்தளத்துக்கு மாற்றினால் சொந்த ஊரில் உரிமை போய்விடும் என்ற அச்சம். மாற்றாவிட்டால் வாழும் ஊரில் சேவை கிடைக்காது. பல தேர்தல்களில் அவர்கள் புத்தளத்து விசேட வாக்குச்சாவடிகளில் நின்று வடக்குத் தொகுதிகளுக்கு வாக்களித்தனர். இடம்பெயர்ந்தோரின் பதிவுக்கென 2017இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரே பெயர் இரண்டு ஏடுகளில் இருந்தால் எது மெய்யானது என்பதற்கு ஒரு விதி வேண்டும். படிகள் கூடக் கூட இந்த விதியின் தேவையும் கூடும்.

இப்போது சர்வர். கணினியில் கோப்புகளை எங்கே வைப்பது என்ற வழக்கமும் திட்டமிட்டு வந்ததல்ல. 1971 வாக்கில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஒரு பிடிபி-11 கணினியில் ஓட்டியபோது, இயங்குதளம் இருந்த சிறிய வட்டு நிரம்பி வழிந்தது. மிச்சத்தைப் பயனர் கோப்புகள் இருந்த இரண்டாம் வட்டுக்கு, 'யூஎஸ்ஆர்' அடைவுக்கு, தள்ளினர். பின்னர் பயனர்களுக்கு வேறு வட்டு வந்தது. ஆனால் தள்ளிய நிரல்கள் அங்கேயே தங்கிவிட்டன. இடமில்லாததால் எடுத்த முடிவு அரை நூற்றாண்டு வழக்கமாகிவிட்டது. லினக்ஸ் காலத்தில், 1994 முதல், இந்தக் கலவைக்கு ஓர் ஒழுங்கு எழுதப்பட்டது: மாறாத நிரல்கள் ஓரிடம், நாள்தோறும் மாறும் தரவு 'வார்' என்ற அடைவு. 2004இன் பதிப்பு, சர்வர் வெளியே வழங்கும் தரவுக்கென 'எஸ்ஆர்வி' என்ற இன்னோர் அடைவையும் சேர்த்தது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களை லினக்ஸில் நிறுவினால் அவற்றின் கோப்புகள் வழக்கமாக 'வார்' அடைவுக்குள்தான் அமர்கின்றன.

பழக்கப்பட்ட நிர்வாகி அத்தோடு விடுவதில்லை. இயங்குதளம் இருக்கும் வட்டிலேயே தரவும் வளர்ந்தால், ஒருநாள் தரவு வட்டை நிரப்பிவிடும். அப்போது தரவுத்தளத்தோடு கணினியும் நிற்கும். ஆகவே தரவுக்கெனத் தனி வட்டோ தனிப் பகுதியோ ஒதுக்கி, அதை ஓர் அடைவில் பொருத்துவார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வட்டைப் பொருத்தும் அடைவையே தரவு அடைவாக்கக் கூடாது. அதற்குள் ஓர் உள் அடைவை உருவாக்கி அங்கே வைக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் கையேடு அறிவுறுத்துகிறது. கணினி மீண்டும் எழும்போது ஏதோ காரணத்தால் வட்டு பொருந்தாமல் போனால், உள் அடைவு இருக்காது. தரவுத்தளம் கிளம்ப மறுக்கும். உள் அடைவு இல்லாத ஏற்பாட்டில், கண்ணுக்கு அதே பெயரில் தெரியும் வெற்று அடைவில் அது புதிய கணக்கைத் தொடங்கிவிடக்கூடும். பெட்டகத்தைக் கொண்டுவராமலே கச்சேரியைத் திறந்து மேசையில் புதிய பேரேடு எழுதத் தொடங்குவதற்கு ஒப்பானது அது. அந்த அடைவைத் தரவுத்தளத்தின் சொந்தப் பயனரைத் தவிர வேறு எவரும் திறக்க முடியாதபடி அனுமதியும் கட்டுப்படுத்தப்படும். திறப்பு ஒருவரிடம்தான்.

இரண்டாவது நுட்பம் எழுதும் வரிசை. பெரும்பாலான தரவுத்தளங்கள் ஒரு மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்த பின்னரே மூலக் கோப்பைத் திருத்துகின்றன. நடுவில் மின்சாரம் நின்றால் குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்தக் கரையோரத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம், 900 மெகாவாட் நுரைச்சோலை, கற்பிட்டித் தீபகற்பத்திலேயே இருக்கிறது. ஆனாலும் 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது அந்த நிலையத்தை மீண்டும் முழுமையாக இயக்கப் பல நாள்கள் சென்றன. பளு அதிகமான சர்வர்களில் இந்தக் குறிப்பேட்டை மூலக் கோப்புகளிலிருந்து பிரித்து வேறு வட்டில் வைப்பதுண்டு. வேகமும் கூடும், ஒரு வட்டு பழுதானால் இன்னொன்றும் மிஞ்சும். உப்புக்காற்று செப்புத் தொடுப்புகளை அரிக்கும் என்பதால் கடலோரத்தில் கணினி அறையை அடைத்துக் குளிரூட்டுவதும் அவசியம். பரணுக்கும் எண்ணெய்க்கும் வந்த புதுப் பெயர் அது.

தனி வட்டு, தனி அடைவு, தனிக் குறிப்பேடு எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் நடக்கும் காரியங்கள். இலங்கை அரசின் மேகக் கணிமை அமைப்பில் 2023 ஓகஸ்டில் நடந்த மீட்புப்பணத் தாக்குதல் இந்த எல்லையைக் காட்டியது. அரச மின்னஞ்சல் இயங்கிய அமைப்பு பழைய பதிப்பு மென்பொருளில் இருந்தது. காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அதுவும் அதே வலையமைப்போடு இணைந்திருந்தது. தாக்கியவர்கள் மூலத்தையும் காப்புப் பிரதியையும் சேர்த்தே பூட்டினர். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை விரைவில் மீட்க முடிந்தாலும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு வேறெங்கும் படி இல்லை, அவை போயின. அதன் பிறகே வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கும் நாளாந்தக் காப்புப் பிரதியை எடுக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது.